62 என்பது பாஸ் மார்க் இல்லை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். மொய் நோட்டுக் கணக்கு விவகாரத்துக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். இப்போது அப்பா விஷயம்தான் அவசரம்.

காலை 11 மணிக்கு மெஷினில் 62 காட்டியதும், "ஒருவழியா சுகர் கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு" என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். தேங்காயில் குறையில்லை, எண்ணில்தான் குறை. இன்சுலின் போடுகிறவருக்கு 70-க்குக் கீழே இறங்கினாலே லோ சுகர். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். 250 இருந்தால் பதறுகிறோம், 62-ஐப் பார்த்துச் சிரிக்கிறோம். 250 உடம்பைக் கெடுக்க வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். லோ சுகருக்கு அரை மணி நேரம் போதும்.

அன்றைக்கு அப்பா பேப்பர் போடும் பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்ததையும், மின்விசிறி ஓடும்போதே பனியன் நனைய வியர்த்ததையும் வயசுக் கோளாறு என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே கோளாறுதான். சர்க்கரை இறங்கும்போது உடம்பு முதலில் அட்ரினலின் என்ற அவசர ஹார்மோனை அவிழ்த்துவிடும். அதனால் கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, திடீர்ப் பசி. இன்னும் இறங்கினால் மூளைக்குத் தீனி போதாமல் கோபம், குழறல், ஒன்றுக்கு இரண்டாகத் தெரிவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், கடைசியில் வலிப்பு அல்லது மயக்கம். அப்பா பி.பி.க்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார் இல்லையா, அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. ஆகவே அவருக்கு நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம் வியர்வையும் முகம் மாறுவதும்தான். அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு அந்த முதல் எச்சரிக்கை மணியே அடிக்காமல் போய்விடும் என்பதையும் மனதில் வை.

அம்மா பாலில் ஹார்லிக்ஸ் கலந்து, இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாராம். பாசம் சரி, வேகம் போதாது. பாலிலும் பிஸ்கட்டிலும் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டுக்கும் லட்டுக்கும் இதே கதிதான். இளநீரில் சர்க்கரை குறைவு, அவசரத்துக்கு ஆகாது. பொதுவாக, சர்க்கரை என்றால் டீஸ்பூனில் மட்டமாக நாலு, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும்.

ஆனால் அப்பாவுக்கு அந்தச் சர்க்கரையும் சரிவராது. நீ எழுதிய மாத்திரைப் பெயரைப் பார்த்தேன். அது கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்தது. வோக்லிபோஸ் குடலில் சர்க்கரை உடைவதைத் தடுக்கிற மருந்து. நாம் காபியில் போடும் சர்க்கரை உடைந்தால்தான் ரத்தத்தில் சேரும். உடையவிடாமல் மாத்திரை பிடித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை ஸ்பூன் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். அவருக்கு வேண்டியது குளுக்கோஸ் பவுடர். அது ஏற்கெனவே உடைந்த சரக்கு. அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு மேஜைக்கரண்டி தேன்.

மளிகைக் கடையில் குளுக்கோஸ் டப்பா ஒன்று வாங்கி, தராசில் 15 கிராம் 15 கிராமாக நிறுத்து, சின்ன ஜிப் கவரில் போட்டு வை. காற்றுப் பட்டால் கட்டியாகிவிடும். ஒன்று அவர் சட்டைப் பையில், ஒன்று தலையணைப் பக்கம், ஒன்று ஸ்கூட்டர் டிக்கியில். மெஷின் கையில் இருந்தால் பார்த்துவிட்டுக் கொடு. தேட வேண்டியிருந்தால் முதலில் கொடு, பிறகு தேடு. கொடுத்த பிறகு 15 நிமிஷம் கழித்து மறுபடி பார். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். மறுபடி குத்துவதற்கு முன் விரலைக் கழுவித் துடைக்கச் சொல். விரலில் ஒட்டிய குளுக்கோஸே 200 காட்டிவிடும், எல்லாரும் ஏமாந்து போவீர்கள்.

70-க்கு மேல் வந்ததும், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லி கொடு. அதோடு விட்டுவிடாதே. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும், ஏறிய சர்க்கரையைத் திரும்ப இறக்கிவிடும். அன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பார்க்க வேண்டும், ராத்திரி 3 மணிக்கும் அலாரம் வை. விடிகாலையில் தலையணை நனைந்திருந்தாலோ, எழுந்ததும் தலைவலி என்றாலோ, தூக்கத்தில் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்படு.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே. அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வை, 108-ஐக் கூப்பிடு, சுகர் மாத்திரைப் பட்டையையும் இன்சுலின் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போ. ஆஸ்பத்திரியில் நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றியதும் கண்ணைத் திறந்து பேசுவார். உடனே வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படாதே. மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது, குறைந்தது ஒரு நாளாவது அவர்கள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

இனி, ஏன் இறங்கியது என்பது. சஷ்டி விரதம் என்று பட்டினி இருந்துகொண்டு ஊசியையும் மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார், அது ஒரு காரணம். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றியிருக்க வேண்டும். நீங்களாகக் குறைப்பதும் நிறுத்துவதும் கூடாது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மூன்று மாதமாகவே சுகர் "தானாகக் குறைந்துகொண்டு வருகிறது" என்றாயே, இந்த வயதில் அது பெரும்பாலும் நல்ல செய்தி இல்லை. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் மாத்திரையும் உடம்பைவிட்டு வெளியேற நேரமாகும், பழைய அளவே கூடுதல் அளவாகிவிடும். இந்த வாரமே கிரியாட்டினின், அதாவது சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, பார்க்க வேண்டும்.

இன்னொன்று, போன மாதம் மருந்துக் கடை மாறியதாகச் சொன்னாய். இன்சுலின் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி. பாட்டில் 100 வகையாக இருந்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட்.

முதல் வேலையாகப் பாட்டில் லேபிளையும் சிரிஞ்ச் மூடியையும் சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இன்று ராத்திரி ஊசிக்கு முன்னால் அது எனக்கு வந்தாக வேண்டும்.

அன்புடன்,
கதிரேசன்