143ஆம் பக்கத்தில் ஒரு பிழை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில் போய் நின்றுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. உன் முதுகுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், "அடுத்த நாவல் எந்த அளவில் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நீ கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "முடிச்சா உன்கிட்ட சொல்லாமலா இருப்பேன்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாயானால் அன்றைக்கு எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி எனக்குத்தான் கோபம். உன் நாவல் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், நான் கேட்டால் மட்டும் தப்பா? ஒரே நாவலோடு நின்றுபோனவர்களின் கதைகளைத் தேடி எடுத்து, "பார், நீயும் இப்படி ஆகிவிடாதே" என்று நீளமாக ஒரு கடிதம் எழுதுவதாகத் திட்டம் போட்டேன். முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவளுக்கு ஆதாரம் திரட்டவா சொல்லித் தரவேண்டும்? ஒரு வாரமாகப் படித்ததில் குறிப்பு நோட்டு பாதி நிறைந்துவிட்டது. எழுத நினைத்த கடிதம் மட்டும் வரவில்லை. வந்தது இதுதான்.

எமிலி பிராண்டேயில் இருந்து ஆரம்பித்தேன். 'வுதரிங் ஹைட்ஸ்' 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. தங்கை ஆனின் நாவலும் அதோடு சேர்ந்து மொத்தம் மூன்று தொகுதி. அச்சுச் செலவுக்கு அக்காவும் தங்கையுமாக 50 பவுண்டு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த டிசம்பரில் எமிலி இறந்துவிட்டார், 30 வயது. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். என் கண்ணில் பட்டது வேறு. புரூஃபில் திருத்தி அனுப்பிய பிழைகள் ஏறக்குறைய அத்தனையும் புத்தகத்தில் அப்படியே வந்திருக்கின்றன என்று மூத்தவள் சார்லட் ஒரு கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு பிழையையும் ஓரத்தில் குறித்து, சுழித்து, கேள்விக்குறி போட்டு அனுப்பியிருப்பாள் அந்தப் பெண். அவள் வாழ்நாளில் அச்சில் பார்த்த ஒரே நாவலை அந்தக் கோலத்தில்தான் பார்த்தாள்.

எமிலியின் மேசைப்பெட்டியில் பதிப்பாளரின் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது, 1848 பிப்ரவரியில் எழுதியது. அடுத்த நாவலை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம் என்கிறார் அதில். உறையில் எல்லிஸ் பெல் என்று முகவரி இருக்கிறது. இல்லை, அது தங்கைக்கு எழுதியது என்று சொல்பவர்களும் உண்டு. எமிலி இரண்டாவது நாவலைத் தொடங்கியிருந்தாலும் அதில் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. புரூஃபைக் குப்பையாக்கிய அதே ஆள் "அவசரமில்லை" என்று எழுதியிருக்கிறார். பெற்ற தாய் நான் உன்னிடம் ஒரு தடவையாவது அப்படிச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

நம் ராஜம் ஐயரும் இந்த வரிசையில்தான் வருகிறார். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு 21 வயது. 1898இல் ஆளே இல்லை. 26 வயதில் போனவரை ஒரே நாவலோடு நின்றுவிட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. எமிலியையும் அவரையும் என் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

சரி, நீண்ட நாள் வாழ்ந்தவர்களைப் பார்ப்போம் என்று மார்கரெட் மிட்செலுக்குப் போனேன். 1926இல் கணுக்காலில் அடிபட்டு வீட்டோடு கிடந்தவருக்கு, நூலகத்தில் இருந்து புத்தகம் சுமந்து சுமந்து கணவர் அலுத்துப்போய், "நீயே ஒன்று எழுதேன்" என்றாராம். அப்படித் தொடங்கியதுதான் 'கான் வித் த விண்ட்'. கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதியிருக்கிறார். அத்தியாயம் அத்தியாயமாக உறைகளில் போட்டு வைத்திருந்ததை 1935இல் ஒரு பதிப்பாசிரியரிடம் கொடுத்தபோது, கட்டு தாங்காமல் அந்த மனிதர் புதிதாக ஒரு சூட்கேஸ் வாங்கித்தான் எடுத்துப் போனாராம். (அந்த உறைகளைப் பிரித்து வரிசைப்படுத்தியவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி.) 1936இல் புத்தகம் வந்தது. ஆறு மாதத்தில் பத்து லட்சம் பிரதி போயிற்று. அப்புறம் அவர் எழுதியதெல்லாம் கடிதங்கள்தான். வாசகர்கள் எழுத எழுத, உட்கார்ந்து பதில் போட்டார், ஆயிரக்கணக்கில். பாதிப்பேருக்கு நாவலில் பிரிந்துபோகிற ஸ்கார்லட்டும் ரெட்டும் மறுபடி சேர்ந்தார்களா என்று தெரிந்தாகவேண்டும். 1949இல் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார், 48 வயதில். அந்தப் பதில்களை எல்லாம் எடை போட்டால் இன்னும் இரண்டு நாவல் கனம் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் அது வீண் வேலையா என்றால் சொல்லத் தெரியவில்லை. பதில் கிடைத்த அந்த ஒவ்வொரு வாசகருக்கும் அது வீணாக இருந்திருக்காது.

ரால்ஃப் எலிசன்தான் என்னை மிகவும் படுத்திவிட்டார். 'இன்விசிபிள் மேன்' 1952இல் வந்தது, அடுத்த வருஷமே நேஷனல் புக் அவார்டு. இரண்டாவது நாவலைத் தொடங்கி ஏறக்குறைய நாற்பது வருஷம் எழுதினார். எழுதாமல் இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. 1967இல் வீடு தீப்பிடித்து, கைப்பிரதியில் ஒரு பகுதி எரிந்தது. முதலில் ஒரு கோடைக்காலத் திருத்தங்கள் போயின என்றுதான் சொன்னார். வருஷம் போகப் போக எரிந்த பக்கங்களின் எண்ணிக்கை அவர் பேச்சில் கூடிக்கொண்டே வந்தது. இதைப் பொய் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "என்ன ஆச்சு நாவல்?" என்று எங்கே போனாலும் கேட்பவர்களிடம் ஒரு மனுஷன் எவ்வளவு நாளைக்குத்தான் ஒரே பதிலைச் சொல்வான்? தீ கொஞ்சம் பெரியதாகத்தான் எரியும்.

1980களில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோர்த்து அச்சடித்த லெட்டர் பிரஸ் காலத்தில், கோர்த்து வைத்த பக்கத்தில் ஒரு வார்த்தையைக் கூட்டினால் அடுத்த வரி தள்ளும், அது அடுத்த வரியைத் தள்ளும், பத்தி முழுக்கப் பிரித்துக் கோர்க்க வேண்டும். எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று முறைப்பார். எழுத்தாளர் ஆசை ஆசையாக எழுதித் தந்த திருத்தத்தை, "இது இல்லாட்டி என்ன குடி முழுகிடும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பல புத்தகங்கள் முடிந்ததே அந்த முறைப்பால்தான். எலிசனுக்கு முறைக்க ஆள் இல்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிச் சேமித்து வைத்தார். 1994இல் அவர் இறந்தபிறகு அந்தக் குவியலில் இருந்து 1999இல் ஒரு புத்தகம் எடுத்தார்கள். 2010இல் அதே குவியலை இன்னும் விரிவாக, ஆயிரம் பக்கத்துக்கு மேல் அச்சிட்டார்கள். எது கடைசி வடிவம் என்று சொல்ல அவர் இல்லை.

ஹார்ப்பர் லீயைப் பற்றி நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் இருவர், ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் எழுது என்று ஒரு வருஷச் சம்பளத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் பிறந்ததுதான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. 1960இல் வந்தது, மறு வருஷம் புலிட்சர் பரிசு. 2015இல் இன்னொன்று வந்ததே என்பார்கள். அது இரண்டாவது நாவல் ஆகாது. 1957இல் எழுதிக் கொடுத்த முதல் வடிவம். பதிப்பாசிரியரோடு உட்கார்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றி மாற்றி எழுதித்தான் நாம் படித்த புத்தகம் கிடைத்தது. மேசைக்கு அடியில் கிடந்த முதல் புரூஃபை எடுத்து பைண்டு செய்து விற்றதுபோல இருந்தது எனக்கு. வாங்கிப் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாலிஞ்சர் 1951இல் ஒரு நாவல், 1965க்குப் பிறகு அச்சில் ஒரு கதையும் இல்லை, 2010 வரை உயிரோடு இருந்தார். எழுதிக்கொண்டுதான் இருந்தாராம், வெளியிடத்தான் பிடிக்கவில்லை. அவருடைய பிடிவாதம் எனக்கு ஒத்துவராது, தாண்டிவிட்டேன்.

ஹுவான் ருல்ஃபோவை அப்படித் தாண்ட முடியவில்லை. மெக்சிகோக்காரர். ஒரு சிறுகதைத் தொகுப்பு, அப்புறம் 1955இல் 'பெட்ரோ பராமோ'. ஒரே மூச்சில் படித்துவிடலாம், அவ்வளவு சின்னது. டயர் விற்றுப் பிழைத்தவர், பிற்பாடு பழங்குடியினருக்கான அரசு நிறுவனத்தின் பதிப்புத் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். மற்றவர்கள் எழுதிய மானிடவியல் புத்தகங்களை அச்சுக்குக் கொண்டுபோகும் வேலை. கிட்டத்தட்ட என் வேலை! ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், "கதை சொல்லிக்கொண்டிருந்த என் மாமா செலரினோ செத்துப்போய்விட்டார்" என்பாராம். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை. உன்னிடம் யாராவது கேட்டால், தாராளமாக என்னைச் சாகடித்துக்கொள்.

இனி சொல்லப்போவது இரண்டு அம்மாக்களைப் பற்றி. இவர்களால்தான் நான் நினைத்த கடிதம் எழுதப்படாமல் போனது.

'பிளாக் பியூட்டி' எழுதிய ஆனா சீவெலுக்கு 14 வயதில் விழுந்து காலில் அடிபட்டது. வாழ்நாள் முழுக்கச் சரியாக நடக்க முடியவில்லை, குதிரை வண்டிதான் கால். அம்மா மேரி பேர்போன எழுத்தாளர். அவர் எழுதியதை எல்லாம் பார்த்துத் திருத்திக் கொடுத்தது ஆனாதான். 1871இல் தன் புத்தகத்தைத் தொடங்கியபோது ஆனா படுத்த படுக்கை. தெம்பு இருக்கிற நாளில் பென்சிலில் துண்டுத் தாளில் நாலு வரி எழுதுவார், பல நாள் அதுவும் முடியாது. அம்மா அந்தத் துண்டுகளை வாங்கி நல்ல தாளில் படி எடுத்து வைப்பார். இப்படி ஆறு வருஷம். 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, பதிப்பாளர் கொடுத்தது 40 பவுண்டு. ஐந்து மாதத்தில் ஆனா இறந்துபோனார். அந்த ஆறு வருஷத்தில் மேரி, "இன்னிக்கு எவ்வளவு ஆச்சு?" என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டிருப்பார். அம்மாதானே.

இன்னொருவர் தெல்மா டூல். இதை உனக்கு எழுதலாமா என்று தயங்கினேன். மகன் ஜான் கென்னடி டூல் ஒரு நாவலை எழுதி, பதிப்பாளரோடு கடிதத்திலேயே இழுபறிப்பட்டு, கடைசியில் புத்தகம் வராமலே போனது. 1969இல், 31 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தெல்மா அந்தக் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்தார். 1976இல் வாக்கர் பெர்சி என்ற எழுத்தாளரை விடாமல் துரத்தி, மை பரவி மங்கிப்போன கார்பன் நகலை அவர் கையில் திணித்துவிட்டார். நாலு பக்கத்தோடு தப்பித்துவிடலாம் என்று பெர்சி படிக்க ஆரம்பித்தார், அவரால் வைக்க முடியவில்லை. 1980இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' என்ற அந்த நாவலை வெளியிட்டது, 1981இல் புலிட்சர். பதினாறு வயதில் அவர் எழுதிய இன்னொரு கதையையும் பிற்பாடு அச்சிட்டார்கள். அவர் இருந்தபோது எதுவுமே வரவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த அம்மாள் தட்டியது பதிப்பாளர்களின் கதவை. நான் ஒன்பது வருஷமாக உன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் நீ உள்ளே இருக்கும்போதே.

நோட்டு அதோடு முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி, அதுவும் என் தொழில் சம்பந்தப்பட்டது. உன் புத்தகத்தில் 143ஆம் பக்கம், கீழிருந்து நான்காவது வரியைப் பார். "அவள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்" என்று இருக்கிறது. உன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டேன், தெளிவாகக் 'கண்ணீர்' என்றுதான் எழுதியிருக்கிறாய். புரூஃப் பார்த்தவள் நான். புத்தகம் வந்த வாரமே கண்ணில் பட்டுவிட்டது, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: கதையைப் படிக்காதே, எழுத்தைப் படி. கதைக்குள் போனால் கண் தானாகச் சரியாக வாசித்துக்கொண்டு போய்விடும். முப்பது வருஷம் அதைக் காப்பாற்றினேன். 143ஆம் பக்கத்தில் கதையைப் படித்துவிட்டேன்.

மறுபதிப்பு வந்தால் அந்த எழுத்தை மட்டும் மாற்றச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். முதுகுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
அம்மா