பர்டிக்கு 26.5 கோடி: மச்சானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மச்சான்,

குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்டிருந்ததைப் படித்தேன். சான் பிரான்சிஸ்கோ 49ers, அதாவது நம் நைனர்ஸ் அமெரிக்கக் கால்பந்து டீமில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும், அவருக்கு மாற்றாக இருக்கும் மேக் ஜோன்ஸே போதும், மிச்சமாகும் பணத்தில் பாதி டீமைப் புதுசாக வாங்கிவிடலாம் என்கிறாய். அத்தை அதற்கு ஒரு கும்பிடு போட்டிருந்தார். ஏதோ கோயில் விஷயம் என்று நினைத்திருப்பார். அங்கேயே பதில் எழுதினால் எல்லாரும் குழுவை விட்டு ஓடிவிடுவார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சாண்டா கிளாரா பக்கம் குடிவந்து, ஆபீஸில் யாரோ இழுத்துவிட்டு, நைனர்ஸ் பைத்தியம் பிடித்த தமிழர்கள் நம்மைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2026 ஜனவரியில் சியாட்டிலில் 41-6 என்று வாங்கிய அடிக்கு யாருக்கும் கோபம் வரும். 2025 மே மாதம் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்ட குவார்ட்டர்பேக், கால் கட்டைவிரல் காயத்தால் எட்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அந்த எட்டில் ஐந்தை மேக் ஜோன்ஸ் ஜெயித்துக் கொடுத்தார். அக்டோபரில் ராம்ஸ் ஊருக்கே போய் ஓவர்டைமில் 26-23 என்று ஜெயித்த ராத்திரி நீ போனில் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

சரி, இந்தக் கணக்கை 2025-இல் இருந்து தொடங்காமல் 2021-இல் இருந்து தொடங்கு. அந்த மார்ச்சில் மேனேஜர் ஜான் லிஞ்சும் கோச் கைல் ஷானஹனும் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கும் நிகழ்ச்சி) 12-ஆம் இடத்தில் இருந்து 3-ஆம் இடத்துக்கு ஏறினார்கள். அதற்கு மயாமிக்குக் கொடுத்த விலை: அந்த 12-ஆம் இடம், 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமை, அதோடு ஒரு மூன்றாம் சுற்று. யாருக்காக ஏறினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, அப்போது அதிகம் அடிபட்ட பெயர் மேக் ஜோன்ஸ்தான்! நீயும் அவரைத்தான் சொன்னாய். எடுத்ததோ ட்ரே லான்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு கல்லூரியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்த பையன். மேக் ஜோன்ஸ் 15-ஆம் இடத்தில் நியூ இங்கிலாந்துக்குப் போனார்.

லான்ஸ் நமக்காகத் தொடங்கிய ஆட்டங்கள் நான்கு. 2022-இல் இரண்டாவது வாரமே கணுக்கால் உடைந்தது. 2023 ஆகஸ்டில் டாலஸுக்கு ஒரு நான்காம் சுற்றுக்கு விற்றார்கள். மூன்று முதல் சுற்று கொடுத்து வாங்கி, ஒரு நான்காம் சுற்றுக்கு விற்பது! வேறொரு டீமாக இருந்தால் மேனேஜர், கோச் இருவர் வேலையும் போயிருக்கும். இவர்கள் வேலை பிழைத்தது 2022 டிராஃப்டின் கடைசிப் பெயரால். 262-ஆம் இடம். கடைசியாக எடுக்கப்படும் ஆளுக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலிப் பட்டம் கொடுத்து விழா எடுப்பார்கள், தெரியுமே. அந்த வருஷம் பட்டம் வாங்கியவர் பர்டி.

2022 டிசம்பர் 4, மயாமி டால்ஃபின்ஸ் ஆட்டத்தில், அப்போது முதல் ஆளாக ஆடிக்கொண்டிருந்த ஜிம்மி கரோப்போலோவின் பாதம் உடைந்து இவர் உள்ளே வந்தார். ஆட்டம் 33-17 என்று நம் பக்கம். அடுத்த வாரம் டாம் பிரேடியின் டாம்பா பேயை 35-7. அந்த சீசனில் தொடங்கிய ஐந்து லீக் ஆட்டமும் வெற்றி. 2023-இல் 4,280 யார்டு, 31 டச் டவுன், பாஸர் ரேட்டிங் (பந்து வீச்சை எடைபோடும் மதிப்பெண்) 113, லீக்கிலேயே முதலிடம். அந்த வருஷம் அவர் சம்பளம் 8.7 லட்சம் டாலர். நம் தெருவில் ஒரு சாதாரண வீட்டின் விலைக்கே அது பற்றாது. மனிதர் அப்போது டீம்காரர் ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்.

நீ பார்க்காமல் விடுவது இந்த 8.7 லட்சத்தைத்தான். என்எஃப்எல் என்ற இந்த லீக்கில் எல்லா டீமுக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு, சேலரி கேப். 2022-இல் அது 20.82 கோடி, 2025-இல் 27.92 கோடி. மற்ற டீம்கள் குவார்ட்டர்பேக்குக்கே மூன்று, நான்கு, ஐந்து கோடி என்று எடுத்து வைத்த காலத்தில் நாம் ஒரு கோடிகூட வைக்கவில்லை. ஜாவன் ஹார்கிரேவுக்கு நான்கு ஆண்டுக்கு 8.4 கோடி, நிக் போசாவுக்கு ஆண்டுக்கு 3.4 கோடி, அதற்கு மேல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல், ஜார்ஜ் கிட்டில், ஃப்ரெட் வார்னர், ட்ரெண்ட் வில்லியம்ஸ் எல்லாரும் ஒரே ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) இருக்க முடிந்ததற்கு அந்தக் குறைந்த சம்பளம் ஒரு பெரிய காரணம். அவர்களால்தான் பர்டி ஆடினார் என்று நீ சொல்வாய். அவர்களை வைத்துக்கொள்ளவே பர்டிதான் இடம் கொடுத்தார் என்று நான் சொல்வேன்.

டிராஃப்டில் வந்தவரின் ஒப்பந்தத்தை மூன்று சீசன் முடியும் முன் திருத்த விதி இடம் தராது. முடிந்த உடனே பில் வந்தது. 2025 மார்ச்சில் வீடு காலி செய்வது போல ஆட்கள் போனார்கள். டீபோ வாஷிங்டனுக்கு, அதுவும் ஒரு ஐந்தாம் சுற்றுக்கு. ட்ரே கிரீன்லாவும் டலனோவா ஹுஃபங்காவும் டென்வருக்கு. சார்வாரியஸ் வார்டு இண்டியானாபொலிஸுக்கு. கார்டு (முன்வரிசையில் நின்று தடுப்பவர்) ஆரன் பேங்க்ஸ் நான்கு ஆண்டுக்கு 7.7 கோடி வாங்கிக்கொண்டு கிரீன் பேக்கு. ஹார்கிரேவையும் லியனார்ட் ஃப்ளாய்டையும் நம் டீமே அனுப்பிவிட்டது. பர்டியின் பணம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை, பழைய ஒப்பந்தங்களில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பாக்கியும் சேர்ந்துதான். அவர் ஒப்பந்தத்தில் 2025-இன் கேப் கணக்கு ஒரு கோடிக்கும் கீழேதான். முன்பணத்தை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது லீக்கில் எல்லாரும் செய்யும் வித்தை. பெரிய தொகை இனிமேல்தான் ஏறும்.

சரி, கொடுக்காமல் விட்டிருந்தால்? சந்தையைப் பார். மற்ற குவார்ட்டர்பேக்குகள் 2024-இல் போட்ட ஒப்பந்தங்களில் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி. ஜோர்டன் லவ், ட்ரெவர் லாரன்ஸ் ஆளுக்கு 5.5 கோடி. டுவா டாகோவைலோவாவுக்கு 5.31 கோடி. பர்டிக்கு 5.3. இந்த வரிசையில் பர்டியைவிட நன்றாக ஆடியவர் யார் என்று உன்னையே கேட்டுப் பார். நல்ல குவார்ட்டர்பேக்குக்கு நடுத்தர விலை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. டிராஃப்ட் பையனாக இருந்தால் மலிவு, கிழவனாக இருந்தால் மலிவு, வேறு எங்கோ தோற்று வந்தவனாக இருந்தால் மலிவு. மற்றபடி ஐந்து கோடி.

இங்கே நீ சாம் டார்னால்டைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். உன் வாதத்தில் உருப்படியானது அது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம். 2023-இல் நம்மிடம் பர்டிக்குப் பின்னால் பேக்கப்பாக (மாற்று ஆளாக) உட்கார்ந்திருந்த அதே ஆள். அடுத்த வருஷம் மின்னசோட்டாவில் 14 வெற்றி, 3 தோல்வி. அப்புறம் சியாட்டிலுக்கு மூன்று ஆண்டுக்கு 10.05 கோடி, அதாவது ஆண்டுக்கு 3.35. ஜனவரியில் நம்மை 41-6 என்று அடித்த டீமின் குவார்ட்டர்பேக் அவர்தான். வலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2018 டிராஃப்டில் 3-ஆம் இடத்தில் வந்தவர், நியூயார்க் ஜெட்ஸ், கரோலினா என்று இரண்டு டீம் கைவிட்ட பிறகுதான் நம்மிடம் வந்தார். இந்த விலைக்கு அவர் கிடைத்ததே அந்தப் பழைய பெயரால்தான். மின்னசோட்டாவும் முதல் சுற்றில் எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி காத்திருக்கிறார் என்று அவரை விட்டுவிட்டது. இப்படி ஒரு ஆள் சந்தையில் வரும்போது அடித்துப் பிடித்து வாங்கலாம். வருவான் என்று நம்பி, கையில் இருப்பவனை அனுப்பக் கூடாது. அதோடு, அன்று நம்மை அடித்தது சியாட்டிலின் டிஃபென்ஸ், எதிராளியைத் தடுக்கும் பக்கம். நாம் எடுத்தது 6 பாயிண்ட் மச்சான், டார்னால்டே நம் பக்கம் ஆடியிருந்தாலும் அந்த டிஃபென்ஸ் எதிரேதான் நின்றிருக்கும்.

மேக் ஜோன்ஸுக்கு வருவோம். எனக்கு அவரைப் பிடிக்கும். நியூ இங்கிலாந்தில் முதல் வருஷமே பிளேஆஃப் (நாக் அவுட் சுற்று) போனார். அடுத்த வருஷம் டிஃபென்ஸ் கோச்சான மேட் பட்ரீஷியாவை ஆஃபென்ஸ் பார்க்கச் சொன்னார்கள், பையன் குழம்பிப்போனார். 2024-இல் ஒரு ஆறாம் சுற்றுக்கு ஜாக்சன்வில்லுக்குத் தள்ளினார்கள், அங்கே தொடங்கிய ஏழில் இரண்டு வெற்றி. அதே ஆள் ஷானஹன் கையில் எட்டுக்கு ஐந்து. இதில் ஷானஹனின் பங்கு பெரியது என்று நீயே சொல்கிறாய். சரிதான், ஆனால் 2026-உடன் ஜோன்ஸின் ஒப்பந்தம் முடிகிறது. பர்டியை விற்று இவரை முதல் ஆளாக்கினால், ஒரே வருஷத்தில் இவரும் அதே வரிசையில் போய் நின்று அதே தொகையைக் கேட்பார். அவரை பேக்கப்பாக வைத்திருப்பதால்தான் அவர் மலிவு.

நல்ல பேக்கப்பின் அருமை நைனர்ஸ் ரசிகனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 2023 ஜனவரி 29, ஃபிலடெல்ஃபியா. பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. உள்ளே வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. மூன்றாவது ஆள் இல்லை. பந்தை வீச முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்து நின்றார், 31-7 என்று முடிந்தது. அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் அந்த மே மாதமே லீக் விதியை மாற்றியது. 53 பேர் ரோஸ்டரில் மூன்றாவது குவார்ட்டர்பேக் இருந்தால், ஆட்ட நாள் கணக்கில் சேர்க்காமல் அவரையும் தயாராக வைக்கலாம். நம்முடைய அவமானத்தால் ஊருக்கெல்லாம் நல்லது நடந்தது.

ஆபீஸில் பழைய ரசிகர்கள் சொல்வார்கள், எங்களிடம் ஜோ மான்டானா, ஸ்டீவ் யங் என்று இரண்டு பெரிய குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள், இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று. 1987-இல் யங்கை வாங்கி, 1993-இல் மான்டானாவை கான்சஸ் சிட்டிக்கு அனுப்பும் வரை இருவரையும் வைத்திருந்தது நிஜம். கேப் வந்தது 1994-இல். அதற்கு முன் முதலாளிக்குப் பணம் இருந்தால் போதும். இப்போது அந்த மாதிரி இரண்டு பேரை வைத்தால் பந்தைப் பிடிக்க ஆள் இருக்காது.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது, நீயும் அங்கே வா. ஆஃபென்சிவ் லைன், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் வரிசை. இந்த டீம் முதல் சுற்றில் கடைசியாக ஒரு லைன்மேனை எடுத்தது 2018-இல், மைக் மெக்லிஞ்சி. அவரும் 2023-இல் டென்வர் போய்விட்டார். 2025 டிராஃப்டில் முதல் ஐந்து பேரும் டிஃபென்ஸ். லைனுக்கு என்று எடுத்தது ஏழாம் சுற்றில் ஒரு கார்டு. 2024-இல் மூன்றாம் சுற்றில் கிடைத்த கார்டு டொமினிக் புனி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இடது டேக்கிள் (லைனின் ஓரத்தில் நின்று தடுப்பவர்) ட்ரெண்ட் வில்லியம்ஸுக்கு 2025-இலேயே 37 வயது ஆகிவிட்டது.

கான்சஸ் சிட்டியோடு 2024 பிப்ரவரி சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்), ஓவர்டைம் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் கோட்டுக்கு ஒன்பது யார்டில் நிற்கிறோம், மூன்றாவது டவுன் (மூன்றாவது முயற்சி), நான்கு யார்டு வேண்டும். பர்டி பந்தை வாங்கித் திரும்புவதற்குள் அவர்களின் கிறிஸ் ஜோன்ஸ் தொடுவார் இல்லாமல் நேரே உள்ளே வந்தார். அவசரத்தில் போட்ட பந்து தரையில். ஃபீல்ட் கோலோடு திருப்தி. பிறகு அவர்களின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வந்தார், 25-22 என்று தோற்றோம். அந்த ஒரு பிளேயில் எதிராளியைத் தடுக்க ஒரு கை இருந்திருந்தால், இன்று நீ பர்டி பெயர் போட்ட ஜெர்ஸியில் சுற்றிக்கொண்டிருப்பாய். 26.5 கோடி போட்டு ஒருவரை வாங்கிவிட்டு, அவர் முன்னால் நிற்க ஏழாம் சுற்றுப் பையனைத் தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

பர்டிக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 கிறிஸ்துமஸ் ராத்திரி பால்டிமோருக்கு நான்கு இன்டர்செப்ஷன் (எதிராளி கையில் போன பந்து) கொடுத்தவர். டீம் 6 வெற்றி, 11 தோல்வி என்று விழுந்த 2024-இல் மெக்காஃப்ரி நான்கே ஆட்டம் ஆடினார், அது வேறு விஷயம், ஆனால் பர்டியும் தேவையில்லாத இடத்தில் பந்தைத் திணித்தார். நெருக்கடியில் ஓடித் தப்பித்து ஏதாவது செய்வோம் என்ற ஆசை இன்னும் போகவில்லை. லைன் சரியானால் பாதி குறையும் என்பது என் கணிப்பு, மீதிப் பாதியோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எனவே லிஞ்ச் என்னிடம் கேட்டால் (கேட்க மாட்டார்) சொல்வது இதுதான்: பர்டி இருக்கட்டும். மேக் ஜோன்ஸுக்கு யாராவது முதல் சுற்று கொடுக்க வந்தால் மட்டும் போனை எடுங்கள், அதற்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். வருகிற டிராஃப்டில் ஒரு டேக்கிள் எடுங்கள்.

ஏப்ரலில் டிராஃப்ட் அன்று வீட்டுக்கு வந்துவிடு. முதல் சுற்றில் லைன்மேன் எடுத்தால் பிரியாணி என் செலவு, ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) எடுத்தால் உன் செலவு.

அன்புடன்,
உன் அத்தை மகன்