பேத்திக்குப் பெயர் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலை அப்பா சத்தமாக வாசிக்க, நான் கேட்டேன். கியாரா, ஆத்யா, மைரா, இஷான்வி... கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம் தெருவில் எல்.கே.ஜி. வேன் வந்து நின்றால் இதே பெயர்கள்தான் ஏறுகின்றன, இறங்குகின்றன. அங்கே அமெரிக்காவில் ஸ்கேனிலேயே பெண் என்று சொல்லிவிட்டதால் உனக்குப் பாதி வேலை மிச்சம். இங்கே 1994 சட்டத்துக்கு அப்புறம் சொல்லக் கூடாது என்பதால் இரண்டு பட்டியல் போட்டு வைக்கிறார்கள்.

நட்சத்திர எழுத்து பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. கார்த்திகை என்றால் அ, இ, உ, எ. ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ‘ங’ என்று பஞ்சாங்கம் சொல்கிறது. ‘ங’வில் யார் பெயர் வைத்தார்கள்? அந்தக் காலத்தில் நம் வீட்டில் எழுத்துப் பார்த்து வைத்ததே இல்லை. சாமி பெயர், இல்லாவிட்டால் தாத்தா பாட்டி பெயர், அவ்வளவுதான். ஆசைப்பட்டால் பார், ஆனால் அதற்காக மனசுக்குப் பிடித்த பெயரை விட்டுவிடாதே.

எண் ஜோதிடம் மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கிலீஷில் ஒரு ‘ஏ’வைக் கூட்டி, ஒரு ‘எச்’சைச் சேர்த்து எழுதிவிட்டு, சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று கெஜட்டில் திருத்தம் போட அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நாளைக்கு வெளிநாட்டு இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கான ஓ.சி.ஐ. கார்டு எடுக்கும்போதும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்.

அப்புறம், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் என்பது நம் பக்கத்து வழக்கம். உன் மாமியார் பெயர் காந்திமதி. பழைய பெயர் என்று நீ தள்ளிவிட்டாய் போல, பட்டியலில் காணோம். நம் நெல்லைச் சீமையில் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவார்கள் தெரியுமா? கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம். உலகம்மாள் என்றால் பாபநாசம். குழல்வாய்மொழி என்றால் குற்றாலத்தைத் தவிர வேறு எங்கே? காந்திமதி, நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி டவுன். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த அம்மன் சன்னதியில் நின்றிருக்கிறேன். அமெரிக்காவில் பிறக்கிற பிள்ளைக்கு ஊர் என்று கையில் கொடுக்க நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன்.

சர்டிபிகேட்டில் காந்திமதி, வீட்டில் மதி. ‘மதி’யைவிடச் சின்னப் பெயர் உன் பட்டியலில் ஒன்றாவது இருக்கிறதா? அந்த ஊர் டீச்சருக்கும் நாக்கு சுளுக்காது. ‘காந்தி’ என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்தால், நீ விரும்புகிற பெயரை முதலில் போட்டு இதை நடுப்பெயராக வை. கடைசிப் பெயராக மாப்பிள்ளை பெயர் வந்துவிடும்.

வீட்டுப் பெயர் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் ஆச்சி, மாமனார் பெயர் என்பதால் உன் அப்பாவை ஒருநாளும் ‘சுடலைமுத்து’ என்று கூப்பிட்டதில்லை. வாய் நிறையத் ‘தம்பி’தான். ரேஷன் கடையில் “மகன் பேரு என்னம்மா?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் உன் தோளைத் தட்டி “நீ சொல்லுட்டி” என்பார்கள். உனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஆனாலும் பால் குடிக்காமல் அடம்பிடிக்கிற பிள்ளையை மாமியார் பெயர் சொல்லி அதட்ட உனக்கு வாய் வராது. மதி என்றால் தாராளமாக அதட்டலாம்.

இங்கே பிறந்திருந்தால் அவசரமில்லை. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அங்கே ஆஸ்பத்திரியிலேயே படிவத்தை நீட்டுவார்கள் என்கிறாய். அதனால் இப்போதே மாப்பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். நெட்டில் போடுகிற அர்த்தத்தை அப்படியே நம்பாதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதி இணையத்திலேயே இருக்கிறது, ஒரு தடவை அதில் பார்த்துக்கொள். வேறு பெயர்தான் என்று முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை, பத்து மாதம் சுமப்பது நீ. சம்பந்தியம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், உனக்கே தோன்றியதாக இருக்கட்டும்.

16-ஆம் நாள் தொட்டிலில் போடும்போது, உன் நாத்தனாரை வீடியோவிலாவது வரச் சொல். காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை.

பிரசவ லேகியம் கிளற எல்லாம் வாங்கியாகிவிட்டது. பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் கிழித்து வைத்திருக்கிறேன். வேறு என்ன கொண்டுவர வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் எழுது, அப்பா பெட்டியை எடை போட ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா