மட்டக்களப்புப் பறங்கியர் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு நகரம் பற்றி உங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையை ஞாயிறு பூசை முடிந்து வந்து விறாந்தையில் இருந்து வாசித்தேன். வாவி, பாடும் மீன், கல்லடிப் பாலம், கோட்டை என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் ஆசையோடுதான் எழுதியிருக்கிறார். நகரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வந்த இடத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஒரு காலத்தில் பறங்கியரும் இங்கு வாழ்ந்தனர்" என்று முடித்துவிட்டார்.

வாழ்ந்தனர். அதற்கு மேலே கண் போகவில்லை. எனக்கு 63 வயது. நான் பறங்கிப் பெண், அந்தக் காலத்தில் இங்கே வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வழி வந்த கலப்புச் சமூகத்தவள். பிறந்தது புளியந்தீவில், படித்தது இந்த ஊரில், 31 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தது இந்த மாவட்டத்தில், அப்பாவையும் அம்மாவையும் அடக்கம் பண்ணியதும் இங்கேதான். உங்கள் இதழை வாராவாரம் காசு கொடுத்து வாங்குகிற வீட்டைப் பற்றி, அந்த வீட்டில் இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்று உங்கள் இதழே எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பக்கத்தில் ஒரு வட்டப்படமும் போட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு நிறம். கடைசியில் நூல் மாதிரி ஒரு சாம்பல் துண்டு, அதற்குப் பெயர் "ஏனையோர்". நாங்கள் குறைவு என்பது எனக்குத் தெரியாததல்ல. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரில் பறங்கியர் 2,500-க்குக் கொஞ்சம் கூட. ஏறக்குறைய அரை வீதம். அரை வீதம் என்றால் பூச்சியம் இல்லை என்று நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிப்பித்திருக்கிறேன். அரசாங்கமே கணக்கெடுப்பில் பறங்கியர் என்று தனியாக ஒரு இடம் வைத்திருக்கிறது. மலாயருக்கு இருக்கிறது, இலங்கைச் செட்டிகளுக்கு இருக்கிறது, பரதருக்கு இருக்கிறது. அங்கே இருக்கிற பெயரை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டியது உங்கள் அலுவலகத்தில் நடந்த வேலை.

இது இன்றைக்குத் தொடங்கிய கதையும் இல்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சரித்திரப் பாடம் நடந்தது. 1505 இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், கோயில்களை இடித்தார்கள் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் என் பெயரைச் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஆனால் 38 பிள்ளைகளுக்கும் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. இடைவேளையில் ஒருத்தி வந்து, "உங்கட ஆக்கள் ஏன் கோயிலை இடிச்சவங்க?" என்று உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அப்பா வளவில் ஒரு வாங்குக்குக் கால் பூட்டிக்கொண்டிருக்கிறார். காதில் பென்சில், கை முழுக்க மரத்தூள். அது எங்கள் பள்ளிக்கூடத்து வாங்குதான், திருத்த வந்திருந்தது. நான் அழுதுகொண்டு சொன்னதைக் கேட்டுவிட்டு, காலை ஒரு தட்டுத் தட்டி ஆடுகிறதா என்று பார்த்தார். "நாளைக்கு இதில ஏறி இருந்து பாடத்தைக் கேள்" என்றார். அவ்வளவுதான். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. எங்கள் ஆண்கள் பலரும் அப்படித்தான், தச்சு, கொல்லு, இயந்திரம் திருத்துவது என்று கையால் பேசுகிறவர்கள். பெண்கள் தையல் மெஷினில் இருந்தார்கள். இந்த நகரத்தில் எத்தனை கலியாணப் பெண்களின் சட்டை எங்கள் பெரியம்மாவின் கையில் தைத்தது என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வாங்கு என்ற சொல்லே போர்த்துக்கேயம் என்பது உங்களுக்குத் தெரியும். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், குசினி, பாண், சப்பாத்து, துவாய், லேஞ்சி, அலவாங்கு, இவையும் அப்படித்தான். நம் ஊரில் ஒருவர் காலையில் எழும்பிப் பாண் சாப்பிட்டு, சப்பாத்துப் போட்டு, யன்னலைச் சாத்திவிட்டுப் போகிறவரைக்கும் எங்கள் பாட்டன் பூட்டன் கதைத்த பாஷையைக் கொஞ்சம் கதைக்காமல் போக முடியாது. அந்தச் சொற்களை யாரும் "ஒரு காலத்தில்" என்று சொல்வதில்லை.

1990களில் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன். சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் அடையாள அட்டையில் பெயரை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் கதைத்தான். பெரேரா, சில்வா மாதிரி என் பெயரையும் சிங்களவர் பெயர் என்று நினைத்துக்கொண்டான். அட்டையைத் திருப்பிப் பிறந்த இடம் மட்டக்களப்பு என்று கண்டதும் சிரிப்பு நின்றது. பஸ்ஸில் இருந்து இறக்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் வைத்திருந்தார்கள். "நீ தமிழா, சிங்களமா?" என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. மூன்றாவதாக ஒரு பதில் இருக்கலாம் என்பதை அவர்கள் தலை ஏற்கவில்லை. நான் தமிழில்தான் கனவு காண்கிறேன், தமிழில்தான் செபிக்கிறேன், இந்தக் கடிதத்தையும் தமிழில்தான் எழுதுகிறேன். அதற்காக நான் என் அப்பாவின் மகள் இல்லை என்று ஆகாது.

2004 டிசம்பர் 26 ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டச்பாரில் கடற்கரையோடு இருந்த எங்கள் சனத்தைக் கடல் கொண்டுபோனது. என் சின்னம்மா அங்கே இருந்தா. நாலு நாள் கழித்து நிவாரணப் பதிவுக்குப் போய் நின்றோம். இனம் என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "தமிழ்" என்று எழுதினார். "ஐயா, நாங்கள் பறங்கியர்" என்றேன். "அதெல்லாம் இப்ப எங்க இருக்கு, ஏதாவது ஒண்டில போடுவம்" என்றார். செத்த வீட்டில் நிற்கிற என்னால் அவரோடு மல்லுக்கட்ட முடியவில்லை. சின்னம்மா எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்கள் வட்டப்படத்தைப் பார்த்தபோது அந்த மனிதரின் குரல்தான் காதில் கேட்டது.

பறங்கியர் எல்லோரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள் என்று கட்டுரையாளர் எங்கேயோ கேட்டிருப்பார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு பெருந்தொகையாகப் போனவர்கள் கொழும்பு, கண்டிப் பக்கம் ஆங்கிலம் பேசி அரச உத்தியோகம் பார்த்த ஒல்லாந்தப் பறங்கியர். தச்சனுக்கும் கொல்லனுக்கும் கப்பல் காசு எங்கே இருந்தது? அந்தக் காலத்து ஆஸ்திரேலியா தோலின் நிறம் பார்த்துத்தான் ஆட்களை எடுத்தது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. வாவியில் வலை வீசி வெயிலில் கறுத்த என் மாமாவை அவர்கள் கப்பலில் ஏற்றியிருப்பார்களா? பிறகு சண்டைக் காலத்தில் எங்களிலும் பலர் வெளிநாடு போனார்கள்தான், தமிழர்கள் போனதுபோலவே. போனவர்களை வைத்து இருக்கிறவர்களை அழிக்க வேண்டாம்.

இதில் என் பங்குக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மம்மா எங்களோடு போர்த்துக்கேயம்தான் கதைப்பா. கோபம் வந்தால் அது மட்டும்தான். நான் விளங்கிக்கொள்வேன், ஓரளவு கதைப்பேன், என் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல அவர்களையும் யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். லிஸ்பனில் இருந்து ஆய்வாளர்கள் வந்து, எங்கள் முதியவர்களோடு நிலத்தில் இருந்து பேச்சையும் பாட்டையும் பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள். 1638 இல் ஒல்லாந்தர் இந்தக் கோட்டையைப் பிடித்ததோடு போர்த்துக்கேயர் ஆட்சி இங்கே முடிந்தது. அந்தப் பாஷை இத்தனை நூற்றாண்டு எங்கள் குசினிகளில் உயிரோடு இருந்திருக்கிறது. எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் ஒல்லாந்தப் பெயர், வீட்டில் கதைத்தது போர்த்துக்கேயம், வெளியில் தமிழ். லிஸ்பன்காரருக்குத் தெரிந்தது பக்கத்தில் இருக்கிற உங்கள் இதழுக்குத் தெரியாமல் போனதே என்பதுதான் என் மனவருத்தம். பைலா என்று தொலைக்காட்சியில் ஆடுகிறார்களே, அது எங்கள் கலியாண வீட்டு ஆட்டமான கஃப்ரிஞ்ஞாவோடு ஒட்டிப் பிறந்தது. அதைப் பற்றி எழுத உங்களிடம் பக்கம் இல்லையா?

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. "வாழ்ந்தனர்" என்பதை "வாழ்கின்றனர்" என்று திருத்தி அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். 2024 கணக்கெடுப்பை வைத்து மறுபடி வட்டப்படம் போடும்போது, துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் பறங்கியர் என்று பெயரை எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு கோடு இழுத்து வெளியில் எழுதலாம், பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

கட்டுரை எழுதியவரிடம் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. தை மாதம் என் தம்பி மகனுக்குத் தாண்டவன்வெளியில் கலியாணம். வயலின் வரும், இரவு கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். அவரையும் வரச் சொல்லுங்கள். விலாசம் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மட்டக்களப்பு.