உன் அறுபதாம் கல்யாணத்துக்கு வராத கதை

கானாடுகாத்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கோபம் நியாயம்தான். தேவகோட்டை வரைக்கும் வர முடியாத அளவுக்குத் தலைவலி என்று சொன்னவன், அதே வாரம் காரைக்குடியில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்ததை உன் தம்பி பார்த்துவிட்டான். பகலில் என்னைப் பார்த்தால் எனக்கே நோயாளி மாதிரித் தெரியாது. சிக்கலே அதுதான்.

இது கிளஸ்டர் தலைவலி. கொத்துத் தலைவலி என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வருமாம். எனக்கு மாசி பிறந்தால் வந்து சித்திரையில் போய்விடும். அந்த இரண்டு மாதமும், படுத்து ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பிவிடும். வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கடப்பாரையை விட்டுத் திருகுவது போல இருக்கும். அந்த ஒரு கண்ணில்தான் நீர் கொட்டும், அந்தப் பக்க மூக்குதான் அடைக்கும், இமையும் தொங்கிப்போகும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருட்டறையில் அசையாமல் கிடப்பார்கள். என்னால் உட்காரக்கூட முடியாது. நடுராத்திரியில் வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றிச் சுற்றி நடப்பேன். நம் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று உனக்குத் தெரியும், அதில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பேன். முக்கால் மணி நேரம் கழித்து, விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிடும். சிலருக்கு 3 மணி நேரம்கூட நீடிக்குமாம், அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

இது என்னவென்று தெரிய 11 வருஷம் ஆயிற்று. ஏன் தெரியுமா? எந்த வைத்தியம் செய்தாலும் வலி முக்கால் மணியில் நிற்கத்தானே போகிறது! ஆத்தா சுக்குப் பற்றுப் போட்டாள், நின்றது. நொச்சி வேது பிடித்தேன், நின்றது. திருநீறு மந்திரித்தார்கள், அதுவும் பலித்தது. ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அடுத்த வாரமே சீசன் முடிந்ததால் அவர் கைராசியை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறு மாசியில் வலி வந்தது, பல்தான் திரும்பி வரவில்லை.

கடைசியில் மதுரையில் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் போனோம். என் வீட்டுக்காரி தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களையெல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் வலி வந்த நேரம், போன நேரம். மளிகைக் கணக்கும் நடுவே கிடந்தது. ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே டாக்டர் அந்தத் தாள்களைத்தான் புரட்டினார். மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம், தூக்கத்தையும் விழிப்பையும் கடிகாரம் போல நடத்துவது அது. இந்த வலியில் அதற்குப் பங்கு இருக்கிறது, அதனால்தான் இப்படி மணி பார்த்து வருகிறது என்றார்.

வலி வந்தவுடன் போட சுமட்ரிப்டான் ஊசி இருக்கிறது. எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் அது ஆகாது. அதனால் ஆக்சிஜன். காற்றா மருந்து என்று நானும் சிரித்தேன். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதே சந்தேகத்துக்கு, சிலிண்டரில் சாதாரணக் காற்றையும் அடைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 15 நிமிடத்தில் ஆக்சிஜனுக்கு நூற்றில் 78 தடவை வலி அடங்கியது, வெறும் காற்றுக்கு 20 தடவைதான்.

ஆனால் அதிலும் ஏமாந்தேன். கொரோனா சமயத்தில் பங்காளி வீட்டில் வாங்கிய கான்சன்ட்ரேட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், சும்மா கிடந்தது, அதை எடுத்து வந்து பத்து நாள் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தரும், அதுவும் முழுச் சுத்தம் கிடையாது. நமக்கு வேண்டியது சுத்தமான ஆக்சிஜன் 12 லிட்டர், அதுவும் பை தொங்கும் மாஸ்க்கில். ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்றால் 240 லிட்டர். சின்ன சிலிண்டரில் 1500 லிட்டர் இருக்கும், ஆறு ராத்திரி தாங்கும். இப்போது வலி தொடங்கியதுமே மாஸ்க்கைப் போட்டால் கால் மணியில் திரும்பிப் படுத்துவிடுகிறேன். வலி வராமலிருக்க வெரபமில் மாத்திரையும் உண்டு, அளவைக் கூட்டும்போதெல்லாம் ஈசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள்.

சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கக்கூடாது என்று சிலிண்டரை முகப்பை ஒட்டிய அறையில் வைத்தோம். வாசலில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, “ஐயா எப்படி இருக்காக?” என்று ரகசியமாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஐயா நான்தான்!

உன் நட்சத்திரம் பங்குனியில் விழுந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? விருந்து என்றால் கிளாஸை என் கையில் திணிக்காமல் விடமாட்டாய். சீசனில் ஒரு மடக்குக் குடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும். ஐப்பசியில் உன் மருமகன் கொண்டுவந்த சிங்கப்பூர் பாட்டிலில் பாதியை நான் காலி செய்தபோது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்காதே. சீசன் இல்லாதபோது ஒன்றும் செய்யாது.

சரி, ஆனியில் வா. வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவதாக வீட்டில் சொல்கிறாள். வரும்போது சென்னையில் பை வைத்த மாஸ்க் இரண்டு வாங்கி வா. பெரியவர்கள் அளவு, வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்த்து வாங்கு. இங்கே கேட்டால் ஆவி பிடிக்கும் மாஸ்க்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்