கடிகாரத்தைத் தொடாமல் விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, குளிர்காலத்தில் திரும்பப் பின்னால் இழுக்கும் வழக்கம் இனியும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதுதான் என் பதில். 1916இல் போருக்கு நடுவே ஜெர்மனி இதைக் கொண்டுவந்தபோது நிலக்கரியை மிச்சம் பிடிக்க வேண்டிய நிலை, மாலையில் விளக்கு எரியும் நேரம் குறைந்தாலே லாபம். இன்றைக்கு எல்.இ.டி. பல்பு எவ்வளவு மின்சாரத்தைத் தின்றுவிடப் போகிறது? செலவெல்லாம் ஏசிக்கும் ஹீட்டருக்கும்தான். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 2006இல் முழுமையாக இந்த முறைக்கு மாறிய பிறகு வீட்டு மின் கட்டணங்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், பயன்பாடு குறையவில்லை, சுமார் 1 சதவீதம் கூடியது என்றுதான் சொன்னார்கள்.

சரி, மிச்சமும் இல்லை, ஆனால் தொல்லை மட்டும் இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இரவு 2 மணி ஆனதும் கடிகாரம் மறுபடி 1 மணிக்குப் போகும், அதனால் அந்த இரவில் 1.30 இரண்டு தடவை வரும். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் 1.30க்கு மருந்து கொடுத்ததாக எழுதி வைத்தால், காலையில் வருபவருக்கு அது எந்த 1.30 என்று எப்படித் தெரியும்? முதல் 1.30 என்றால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் மருந்தின் அடுத்த வேளை 4.30, இரண்டாவது என்றால் 5.30. உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் விஷயத்தில் இப்படி ஒரு குழப்பத்தை நாமே எதற்கு உண்டாக்க வேண்டும்?

அப்புறம், மாற்றத்தை நிறுத்திவிட்டு ஆண்டு முழுக்கக் கோடை நேரத்தையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வேலை முடிந்து வரும்போது வெளிச்சம் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயம்தான், ஆனால் அதற்கான விலையைக் குளிர்கால விடியலில் கொடுக்க வேண்டியிருக்கும். 1974 ஜனவரியில் அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் பெற்றோர் கொதித்துப் போனார்கள், அந்த அக்டோபரிலேயே பழையபடி மாற்றினார்கள். 2011இல் ரஷ்யாவும் நிரந்தரக் கோடை நேரத்துக்குப் போய், 2014இல் அதைக் கைவிட்டு நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2018இல் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள், அதில் 84 சதவீதம் பேர் இந்த மாற்றமே வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது, உறுப்பு நாடுகள்தான் இழுத்தடிக்கின்றன. மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் இதைக் கைவிட்டு வழக்கமான நேரத்திலேயே நின்றுவிட்டது. மற்ற நாடுகளும் அதையே செய்யட்டும், சூரியனை ஒட்டிய நேரமே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்