விக்டோரியா காலத் தோல் மருந்துக் குறிப்புகள்: பதிப்பகத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: தங்கள் நூலை இணையவழி வாங்கிய வாடிக்கையாளர், மதுரை.
பெறுநர்: மேலாளர் அவர்கள், நூலை வெளியிட்ட பதிப்பகம், சென்னை.

பொருள்: நச்சுப் பொருள்களைக் கொண்ட தோல் மருந்துக் குறிப்புகளை எச்சரிக்கையின்றி வெளியிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் விற்கப்பட்ட மருந்துகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட நூலைச் சென்ற மாதம் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அச்சிலும் கட்டமைப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் புகார் முழுவதும் தோல் நோய்கள் பற்றிய அத்தியாயத்தையும், அதில் "வீட்டிலேயே செய்து பார்க்கலாம்" என்று கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் குறிப்புகளையும் பற்றியது.

எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு இடது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கரப்பான் இருக்கிறது. ஒரு பிற்பகலில் தங்கள் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்தபடி, "தம்பி, இந்த ஈயச் சர்க்கரை நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. அது சர்க்கரையே அன்று. இனிப்புச் சுவையால் அப்பெயர் பெற்ற ஈய அசிடேட் என்னும் நஞ்சு. அந்நாளில் ஈயக் கரைசலை அழற்சி கண்ட தோலில் ஒற்றினார்கள் என்பது உண்மையே. ஆனால் வெடித்துப் புண்ணான தோலின் வழியே ஈயம் உடலுக்குள் இறங்கும் என்பதைச் சொல்ல அந்தக் கட்டத்துக்குள் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த பக்கத்தில் சொரியாசிஸுக்கு ஆர்சனிக் கரைசல் பரிந்துரைக்கப்படுகிறது. 1786-இல் தாமஸ் ஃபவுலர் என்னும் ஆங்கில மருத்துவர் அறிமுகப்படுத்திய அந்தக் கரைசலை மருத்துவர்களே நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். அதை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களின் உள்ளங்கை தடித்து, பின்னர் அத்தடிப்பில் புற்றுநோய் தோன்றியதை 1880களில் ஜொனாதன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிவைத்தார். கரைசலுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய நூலில் ஹட்சின்சனுக்கு அரை வரி இடமில்லை.

தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, "அதெல்லாம் பழைய வரலாறுதானே சார்" என்று பதில் வந்தது. வரலாறாக எழுதியிருந்தால் நான் இக்கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். "ஒரு தேக்கரண்டி எடுத்துக் காலை மாலை தடவவும்" என்று எழுதினால் அது செய்முறை. படிப்பவர் செய்யத்தான் செய்வார்.

அந்த வரலாற்றிலும் பிழை மலிந்திருக்கிறது. இம்மருந்துகளை "அரசு முத்திரையும் காப்புரிமையும் பெற்றவை" என்று எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமை பெற வேண்டுமானால் செய்முறையை வெளியிட்டாக வேண்டும்; அதற்கு மனமில்லாத வியாபாரிகள் பெயரை மட்டும் காத்துக்கொண்டு கலவையை மறைத்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய முத்திரையோ 1783-இல் வந்த வரிக்கான சீட்டு. ஒரு ஷில்லிங் (12 பென்ஸ் கொண்ட அந்நாளைய ஆங்கில நாணயம்) பெட்டி 1 ஷில்லிங் 1½ பென்ஸுக்கு விற்றதே அந்த வரியால்தான். அதை அரசின் தரச்சான்று என்று நம்பி ஏமாந்தவர்கள் அன்று எத்தனையோ பேர். அதே மயக்கத்தை இன்று தமிழ் வாசகருக்கும் ஊட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரிலிருந்து வந்த, 'கிளார்க்கின் இரத்தக் கலவை' என்னும் புட்டி மருந்தை "இரத்தத்தைத் தூய்மையாக்கிப் பருக்களைப் போக்கிய அருமருந்து" என்று புகழ்கிறீர்கள். அது விளம்பரத்தின் வாசகம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, அதில் பொட்டாசியம் அயோடைடு இருந்ததைக் காட்டியது. அந்த உப்பே சிலருக்கு முகப்பரு போன்ற கொப்புளங்களை உண்டாக்கும். மருந்து பருவைக் கிளப்ப, பருவைக் கண்டு பயந்தவர் இன்னொரு புட்டி வாங்கியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. களிம்பு விற்ற தாமஸ் ஹாலோவே ஒரு கல்லூரியே கட்டினார் என்பதையும் களிம்பின் சிறப்புக்குச் சான்றாக்கியிருக்கிறீர்கள். 1886-இல் விக்டோரியா அரசியார் திறந்துவைத்த அக்கல்லூரி எழுந்ததற்கு ஹாலோவே விளம்பரத்தில் கொட்டிய பெரும்பணமும் அதனால் பெருகிய விற்பனையுமே காரணம்.

ஆகவே, அந்த அத்தியாயத்தோடு நூலை விற்பதை உடனே நிறுத்துமாறும், இணையவழி வாங்கிய அனைவருக்கும் ஈயம், ஆர்சனிக் குறிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்புமாறும், மறுபதிப்பில் செய்முறைகளை அறவே நீக்கிப் பிழைதிருத்தம் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் 450 ரூபாயைத் திருப்பித் தருவது இவற்றுக்குப் பிறகு நடந்தால் போதும். மின்னஞ்சல் மட்டும் இந்த வாரமே போக வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். குறிப்பிட்ட பக்கங்களின் நகலையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்